எந்த ஊரைக் கேட்கிறீர்கள்?

அண்ணன் போய் ஓராண்டு முடிகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும், அண்ணனிடம் படித்தவர்களுக்கும் தங்கை எழுதுகிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் எழுதியதை அடித்து அடித்துத் திருத்துகிறேன். துக்கம் மட்டும் காரணமல்ல. அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டில் இருக்கலாமா, இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகவே இதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுத எனக்குத் துணிவில்லை.

அண்ணன் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தார். எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டதால், எனக்குத் தலை பின்னிவிட்டதும் அண்ணன்தான். கோணல் வகிடோடு நான் பள்ளிக்கூடம் போனதைச் சொல்லிச் சித்தி இன்றும் சிரிப்பார். அட்டனில் படித்து, திருச்சியில் ஆசிரியர் பயிற்சி பெற்றுத் திரும்பிய அண்ணன், அட்டனிலேயே மேல்வகுப்புகளுக்குச் சரித்திர ஆசிரியரானார்.

அவர் பாடம் நடத்திய விதத்தை அவருடைய மாணவர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போதைய சரித்திரப் புத்தகம் ராஜாக்களில் தொடங்கி கவர்னர்களோடு முடிந்துவிடும். "நேத்து நடந்ததெல்லாம் எங்க போச்சு?" என்று அண்ணன் கேட்பார். வகுப்புச் சுவரில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கயிறு கட்டியிருந்தார். கோப்பிப் பயிர் அழிந்தது, ரயில் வந்தது, உலக யுத்தம், சுதந்திரம் என்று அதில் சீட்டுகள் தொங்கும். அவற்றுக்கு நடுவே, தாத்தா கப்பலில் வந்தது, தோட்டத்தில் லய வீடுகளின் வரிசை இடிந்தது என்று பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சீட்டுகளைச் சரியான இடத்தில் செருக வேண்டும். பழைய வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றி, அதில் நின்றவர் ஒருவரிடமும் துரை பங்களாச் சமையல்காரரிடமும் கேட்டு வரச் சொல்வார். இரண்டு கதைகளும் ஒத்துப்போகாது. "இதுல எது சார் நெசம்?" என்று பிள்ளைகள் கேட்டால், "அத நீயே யோசிச்சு எழுது, அதுக்குத்தான் புள்ளி" என்பார்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியினர் விசாரணையில் தேறினால்தான் இந்த நாட்டுப் பிரஜை என்று பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம்மவர்கள் மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்த காலம் அது. எங்கள் மனுவும் போயிருந்தது, அண்ணனின் மனுவும் போயிருந்தது. என் மகள் அப்போது அண்ணனின் வகுப்பில்தான் இருந்தாள். ஒருநாள் அவர் வகுப்பில் எல்லோரையும் வரிசையாக எழுப்பி, "ஒங்க ஊர் எது?" என்று கேட்டாராம்.

"சேலங்க சார்."

"புதுக்கோட்டைப் பக்கங்க."

வட்டவளையிலிருந்து ரயிலில் வரும் மாணவன் துறையூர் என்றான்.

"துறையூர நீ பாத்திருக்கியா?"

"இல்லைங்க சார். எங்கப்பாவும் பாத்ததில்லைங்க."

"பின்ன எப்படிடா அது ஒன் ஊரு?"

"பொண்ணு கேட்டு வர்றவங்க அதத்தானே சார் கேக்குறாங்க?"

வகுப்பே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து லயத்துக்காரர் ஒருவர், இங்கேயே பிறந்தவர், விசாரணையில் ஊர் எது என்று கேட்டதும் வாய்ப் பழக்கத்தில் முசிறி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இந்த நாட்டில் நிலையாக வாழும் எண்ணம் அவருக்கு இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். நாம் ஊர் என்றால் பூர்வீகத்தைச் சொல்கிறோம். கேட்கிறவர்கள் வீட்டைக் கேட்கிறார்கள்.

அதன்பின் அண்ணன் வகுப்பிலேயே விசாரணை நடத்தத் தொடங்கினார். ஒரு பிள்ளை அதிகாரி, ஒரு பிள்ளை மனுதாரர், ஒரு பிள்ளை மொழிபெயர்ப்பாளர். மற்றவர்கள் சட்டத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புக்குக் காரணம் காட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவரே பயந்துபோனார். "மாஸ்டர், நீங்கள் சரித்திரத்தைப் படிப்பியுங்கோ. இஞ்ச அரசாங்கக் கச்சேரி நடத்தாதேங்கோ. ஆரும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் உங்கட வேலைக்குத்தான் வில்லங்கம்" என்றார்.

எனக்கு அதைவிடப் பயம். அதிகாரி வேஷம் போடுவது என் மகள். அண்ணன் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

"அண்ணே, எங்க மனு இன்னும் அவங்க கையிலதான் இருக்கு. நீங்க எம் மகள வச்சு கவர்மெண்டக் கேலி பண்றீங்கன்னு சொல்லிட்டா நாங்க எங்க போறது?"

"கேலி இல்ல தங்கச்சி. பொய்யும் சொல்லித் தரல. கேள்வி என்னன்னு புரியாம பதில் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன். சனிக்கிழம மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. வந்து பாரு."

என் கணவர் நோர்வூட்டில் பிறந்து வளர்ந்தவர், அட்டன் கடையொன்றில் கணக்கெழுதுபவர். சிரித்துக்கொண்டேதான் வந்தார். மகள் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒங்க ஊர் எது?" என்றாள். "நாமக்கல்" என்றார் அவர், யோசிக்காமல். "மனு தள்ளுபடி!" என்று அவள் மேசையைத் தட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். "பெத்த அப்பனையே கப்பல் ஏத்துறா பாரு" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று வீட்டில் அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

எங்கள் விசாரணை நுவரெலியாவில் நடந்தது. சாட்சியாக அண்ணன் வந்தார். அதிகாரி இங்கிலீஷில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார். "உங்கட ஊர் எது?"

என் கணவர் வகுப்பில் படித்ததையே சொன்னார். "நோர்வூட்டுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளரின் குரலும் மாறியது. "தோட்டப் பக்கத்து ஆக்கள் எல்லாரும் இந்தியாவில ஒரு ஊரைச் சொல்லுகினம். நீர் மட்டும் நோர்வூட் எண்டுறீர். ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?"

தள்ளுபடிக்குப் பயந்து எதைப் படித்துக்கொண்டு வந்தோமோ, அந்தப் படிப்பே குற்றமாகிவிட்டது. என் கணவர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். என் மகள் என் கையை இறுகப் பிடித்தாள். பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து நின்றார்.

"நான் சொல்லிக்குடுத்தேன். நான் சரித்திர ஆசிரியர். நாமக்கல் அவரோட தாத்தா ஊரு. நீங்க எந்த ஊரக் கேக்குறீங்க? தாத்தாவோடதா, இவரோடதா? அதத்தான் வகுப்புல கேக்கச் சொல்லிக்குடுத்தேன்."

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, எங்கே படித்தீர் என்று கேட்டார். அட்டன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மைதான். "அட்டன்ல படிச்சேன். பயிற்சி திருச்சியில" என்றார் அண்ணன். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. திருச்சியில் தங்கிய காலத்தில் அவர் இந்த நாட்டை விட்டுப் போய்விட்டவர் என்று முடிவு சொன்னார்கள். "அன்னிக்கு ஏண்ணே அதச் சொன்னீங்க?" என்று அழுதேன். "கேட்டாங்க, சொன்னேன். மறைச்சுட்டு மறுநா எப்படிம்மா வகுப்புக்குப் போவேன்?" என்றார். மறுவிசாரணைக்கு எழுதிப் போட்டார். இதற்கிடையே மஸ்கெலியாப் பக்கத்துச் சிறு பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. அங்கேயும் சுவரில் கயிறு கட்டினார்.

இந்த அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் இவ்வளவு பேர் இங்கே, இவ்வளவு பேர் அங்கே என்று நம்மைப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தபோதும் அவருக்குப் பதில் வந்திருக்கவில்லை. அந்த வாரம் வகுப்பில் பத்திரிகையை விரித்து வைத்து அதைத்தான் பாடமாக நடத்தினார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். சில நாட்களில், மஸ்கெலியாவிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

வழியில் எங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்ட சாரதிக்கும், அண்ணனின் தலையை மடியில் தாங்கிய கொண்டக்டருக்கும், மழையில் பாடை சுமந்த மாணவர்களுக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாடைக்குப் பின்னால் கடைசிவரை நடந்த அட்டன் பள்ளித் தலைமையாசிரியர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. அண்ணன் போட்ட மனுவில்தான் அண்ணியும் பிள்ளைகளும் அடக்கம்; அதன் மறுவிசாரணைக்கு அண்ணியை இப்போது அழைத்திருக்கிறார்கள். திருச்சியில் படித்த காலத்திலும் அண்ணனுக்கு வீடு இங்கேதான் இருந்தது, விடுமுறைக்கெல்லாம் இங்கேதான் வந்தார் என்று கண்ணால் கண்டவர்கள் சொல்ல வேண்டும். எனக்குச் சாட்சி சொல்ல அண்ணன் இருந்தார். அண்ணிக்கு நீங்கள்தான். அந்தத் திருச்சி நாட்களில் ஒரு விடுமுறையில், தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கூத்தில் ஆள் குறைந்ததென்று அண்ணன் பெண் வேஷம் கட்டினார். சேலை தடுக்கி, கூட்டத்துக்கு நடுவில் விழுந்தார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அப்படிச் சிரித்தவர்கள் தயவுசெய்து நுவரெலியாவுக்கு வந்து, அதை அதிகாரியிடம் சொல்லுங்கள்.