மிக்கேலம்மாள் தோற்ற ஒரு ஓட்டு

மிக்கேலம்மாள் அக்கா பதவி ஆசையில் தேர்தலில் நின்றார் என்று எங்கள் ஊரில் இன்னமும் யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பதவியாம் பதவி! பஞ்சாயத்து வார்டு மெம்பருக்கு என்ன கிரீடமா வைக்கிறார்கள்? அக்கா நின்றது ஓர் ஓடைக்காக. அந்த ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம் வேண்டும், அவ்வளவுதான்.

கடத்தூரில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். எங்களுக்கு மாரியம்மன் கோயில். தெற்குத் தெருவில் நாற்பது வீடு கத்தோலிக்கர்கள், அவர்களுக்கு அந்தோணியார் கோயில். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெயில் காலத்தில் செருப்பு நனையாமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர். அக்காவின் ஒரே மகள் ஷைனி, பத்தொன்பது வயதுப் பெண், மஞ்சள் காமாலையில் செத்துப்போனது ஓர் ஐப்பசியில்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பெட்டியின் ஒரு முனை தண்ணீரில் முங்கி எழுந்தது. கரையில் நின்ற அக்கா, "ஐயோ, எம்புள்ளைக்குக் குளுருமே" என்று கத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்று வருஷம் மனு எழுதி எழுதிக் கொடுத்தார். பாலம் வரவில்லை. "நானே மெம்பரா போயி உக்காந்தா கேக்காம இருப்பாங்களா? இன்னொருத்தி புள்ளைக்கு இப்புடி ஆவக்கூடாது" என்று கடைசியில் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடிச் சின்னம். நான் சுகுணா, அவரோடு ஒரே மகளிர் குழுவில் இருப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே ஓட்டு எண்ணும் இடத்துக்கு என்னை முகவராகப் போட்டார். "நீ இருந்தா எவனும் ஏமாத்த முடியாது புள்ள" என்றார்.

தேர்தலுக்கு முன்னால் பதிமூன்று செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு ஒருசந்தி இருந்தார். அன்றைக்கெல்லாம் ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் உப்புக் குறைத்து. முட்டி போட்டு முட்டி போட்டுக் கால் முட்டி கறுத்துப்போயிருந்தது. "எங்க மாரியம்மனையும் ஒரு வார்த்த கேட்டு வைங்கக்கா" என்று கிண்டல் செய்தேன். "நீ கேளு புள்ள, உன் பேச்சுக்கு அந்தம்மாவே பயப்படும்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அவருடைய வீட்டுக்காரர் பிலவேந்திரன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தக்காளி போடுகிறவர், அதிகம் பேசமாட்டார். வலது ஆட்காட்டி விரல் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷினில் பாதி போய்விட்டது. நாங்கள் பிள்ளையார் சுழி போடுவது போல, அவர் எதை எழுதினாலும் மேலே முதலில் ஒரு சிலுவை போடுவார். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும். பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளிப் பெட்டியில் பேர் எழுதும் முன்னாலும் சிலுவைதான். அரை விரலால் பேனா பிடிப்பதால் சிலுவையின் கீழ்க்கோடு வலப்பக்கம் கொஞ்சம் வளைந்துபோகும். ஒருமுறை ரேஷன் கார்டு படிவத்தில் சிலுவை இருக்கிறதென்று திருப்பிவிட்டார்கள். மனுஷன் புதுப் படிவம் வாங்கி அதிலும் போட்டுக் கொடுத்தார்!

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் ஓட்டுப் போட்டோம். புத்தாண்டுக்கு மறுநாள் எண்ணினார்கள். மத்தியானம் எங்கள் வார்டு சீட்டுகளைப் பிரித்துக் கட்டினார்கள். எதிரில் நின்ற மாதவராஜுக்கு நூற்று முப்பத்தேழு. அக்காவுக்கு நூற்று முப்பத்தாறு. செல்லாதது ஒன்றே ஒன்று.

"அந்தச் செல்லாத சீட்டக் காட்டுங்க சார்" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு எழுந்தேன். காட்டினார்கள். மூக்குக் கண்ணாடி மேல் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. சீட்டின் உச்சியில் நீலப் பேனாவில் சின்னதாக ஒரு சிலுவை. கீழ்க்கோடு வலப்பக்கம் வளைந்திருந்தது.

"பேனாவுல அடையாளம் போட்டிருக்காங்க. ரூல்படி செல்லாதுங்கம்மா" என்றார் அதிகாரி.

வாய்க்காகவே என்னை அனுப்பினார்கள். அன்றைக்கு என் வாய் அடைத்துப்போனது. அந்த ஓட்டுச் செல்லுபடியாகியிருந்தால் இரண்டு பேரும் சமம். சீட்டுப் போட்டுக் குலுக்கியிருப்பார்கள், அந்தோணியார் பார்த்துக்கொண்டிருப்பார். அடப்பாவி மனுஷா, அந்தப் பேனாவை அன்றைக்கு ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா! கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஒரு ஓட்டில் போயிற்று என்று மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம் அக்கா கோயில் பக்கம் போகவில்லை. வீட்டிலிருந்த அந்தோணியார் சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். "பதிமூணு வாரம் பட்டினி கெடந்தனே, ஒரே ஒரு ஓட்டு குடுக்க மனசு வரலியா அவருக்கு?" என்று என்னிடம் அழுதார். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். யார் அந்த ஒருத்தர் என்று ஊரையே சந்தேகப்பட ஆரம்பித்தார். கடைசியில் எதிர்வீட்டுக் குள்ளம்மாள் மேல் வந்து நின்றது. பாவம், ஒண்டிக்கட்டைக் கிழவி, அக்கா ஊற்றிய கூழில் உயிர் வளர்ப்பவள்.

குழாயடியில் வைத்து அவளைக் கேட்டுவிட்டார். "என் கையால குடிச்சிட்டு அவனுக்குப் போட்டியா நீ?" குள்ளம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு, "எங்கண்ணு அவிஞ்சுபோவ, கண்ணாடிக்குத்தான் சாமி குத்தினேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். "அந்தக் கெழவிய எதுக்குக் கொல்றீங்க? கெட்டுப்போன ஓட்டு உங்க வூட்டுக்காரரு ஓட்டுக்கா. மேல சிலுவை போட்டிருந்தாரு. நான் கண்ணால பார்த்தேன்." கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகு, என் நாக்கில் சூடு வைத்தால் என்ன என்று இருந்தது.

அக்கா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "அவருகிட்டச் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லிடாத சுகுணா. செத்துப்போவாரு" என்றார். பிறகு எழுந்து போய்க் குள்ளம்மாளின் குடத்தை எடுத்து, தண்ணீர் பிடித்து, அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த வாரம் விபூதிப் புதன். அவர்களுக்குத் தவக்காலம் தொடங்கும் நாள், சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை இடுவார். ஏழு வாரம் கழித்து அக்கா கோயிலுக்குக் கிளம்பினார். என்னையும் வரச்சொன்னார். நான் அக்காவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் பிலவேந்திரன் அண்ணன் நெற்றியில் சிலுவையோடு திரும்பி நடந்து வந்தார். அந்த நெற்றியைப் பார்த்ததும் அக்கா உடைந்துபோனார். மகளைப் புதைத்த நாளில் அடக்கிவைத்த அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் முகம் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு ஓட்டு குடுக்கலன்னு சாமிய ஏசினேன். இவரு அந்தச் சீட்டுலயும் மேல ஆண்டவர வெச்சு, கீழ என்னை வெச்சிருக்காரு. எண்ணுனவங்களுக்கு அது செல்லல. ஆண்டவருக்குச் செல்லாமப் போவுமா?"

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது சுரூபம் நேராகத் திரும்பியிருந்தது.

பாலம் இன்றுவரை வரவில்லை. மாதவராஜும் கேட்டுப் பார்த்தார், ஆகவில்லை. போன நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று நல்ல மழை. மெழுகுவர்த்தியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அக்கா, அண்ணன், நான் மூன்று பேரும் ஓடையில் இறங்கினோம். நடு ஓடையில் தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் பிலவேந்திரன் அண்ணன் நின்றுவிட்டார். பேசாத மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்துப் பேச்சு வந்தது.

"அந்த ஒரு ஓட்டு ஒழுங்கா வுழுந்திருந்தா இந்நேரம் பாலத்து மேல நடந்திருப்போம். எந்தக் கூறுகெட்டவன் கெடுத்தானோ, நாசமாப் போவ!"

அக்கா சட்டென்று அவர் வாயைக் கையால் பொத்தினார்.

"அப்புடிச் சாபம் வுடாதீங்க. போட்டவரு நல்ல மனசோடதான் போட்டிருப்பாரு. நீங்க காலைப் பார்த்து வைங்க."

அவர் தோளைப் பிடித்து அக்காதான் கரை ஏற்றினார். ஷைனியின் குழிமேட்டில் மெழுகுவர்த்தி வைக்கும் முன்னால் அண்ணன் குனிந்து, ஈர மண்ணில் அரை விரலால் ஒரு சிலுவை போட்டார். கீழ்க்கோடு வலப்பக்கம் வளைந்தது. அக்கா மழையில் குத்தவைத்து, தன் விரலால் அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக இன்னொரு தடவை இழுத்தார்.