மூங்கில் அம்பின் எடை

கோவில்பட்டியில் நான் எடை போடும் நகைக்கடைக்குத் தங்கம் இல்லாமல் வந்த ஒரே ஆள் அவர்தான். நெட்டையான மனிதர், வலது தோள் மட்டும் இறங்கியிருக்கும். துண்டில் சுற்றிய மூங்கில் அம்பை எடுத்துத் தருவார். "ஃபேன அமத்துங்க அண்ணாச்சி" என்பார். தராசு நிலைக்கும்வரை மூச்சுவிட மாட்டார்.

இடைசெவல் பக்கம் கரிசல் காட்டில் சோளத்தட்டைக் கட்டு ஒன்றை நிறுத்தி, தனியாக அம்பு விடுபவர் என்பது மட்டும் தெரியும். மாதாமாதம் அம்பைச் சீவிக்கொண்டு வருவார். ஆடியில் வந்தபோது, ஏன் இப்படிச் சீவுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கனமா இருந்தாத்தான் இந்தக் காத்துல நேரா போவும். ஆனா இப்ப கை முழுசா இழுக்க மாட்டேங்கு, கனத்த அம்பு பாதியில விழுந்திருது. சீவுனா வேகமாப் போய் எட்டுது, காத்து தள்ளிட்டுப் போயிருது."

தோளை டாக்டரிடம் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று, "கொஞ்சம் கிட்ட நின்னு விடலாமே அண்ணாச்சி" என்றேன்.

"கிட்டதான் நிக்கேன்" என்றார். "போன வருசம் நின்ன தூரத்துல இப்ப பாதிதான்."

அம்பைத் துண்டில் சுற்றினார். நான் போட மறந்த ஃபேனை அவரே போட்டுவிட்டு, தெருவில் அடித்த புழுதிக் காற்றுக்குள் இறங்கிப் போனார். அப்புறம் வரவில்லை. இன்றும் எடை போட ஃபேனை அமர்த்தும்போதெல்லாம், எடையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது.