எஸ்தரம்மாள் பெயர் சொல்லிச் செய்த ஸ்தோத்திரம்

எஸ்தரம்மாள் இறந்த செய்தி, அவரை அடக்கம் செய்து சில நாள் கழித்தே ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து காலை ரயிலில் வந்த முருகன், கோயில் வாசலிலேயே நின்றுகொண்டு, "உபதேசியாரய்யா, எஸ்தரக்கா போயிட்டாங்க. காய்ச்சல்தான்" என்றார். அருகில் நின்ற நம் சபைப் பெரியவர் ஒருவர், துக்கம் விசாரிக்கும் முறையில், "சாதுவான பொம்பளை" என்றார். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எஸ்தரம்மாள் சாது அல்ல. பால்மரம் வெட்டிப் பிழைத்த அந்த அம்மாளை அறிந்தவர்கள் நம் சபையில் பலர் இருக்கிறீர்கள். அவரைச் சாதுவாக்கி அனுப்பிவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்தத் தோட்டத்தில் நான் உபதேசியாராக இருந்த காலத்தில், கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகைதான் எங்கள் கோயில். ஞாயிறு ஆராதனையில் ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரத்து நன்மைகளுக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள். சொல்பவரை நடுவில் நிறுத்தக் கூடாது; சொல்லி முடித்ததும் சபை முழுவதும் ஆமென் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சுகம், பெலன், மழை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். எஸ்தரம்மாள் பெயர் சொல்லித்தான் ஸ்தோத்திரம் செய்வார். ஒரு ஞாயிறு, முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியைப் பார்த்தபடியே, "ஆண்டவரே, நம்ம கங்காணி ஐயா இந்த வாரம் யாரையும் கை நீட்டி அடிக்கல, வாயாலதான் ஏசினாரு. அதுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். சபை ஆமென் என்றது. கங்காணியும் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு வந்த சிரிப்பை மறைக்கப் பாட்டுப் புத்தகம் உதவியது.

அந்தச் சமயத்தில்தான் பத்து மணி விவகாரம் வந்தது. கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் மரம் வெட்டப் போகும் தாய்மார், மதியம் வேலை முடிந்த பிறகுதான் பிள்ளை முகத்தைப் பார்க்கலாம். இடையில் பாலூட்டப் போனால் கோப்பைகளில் மரப்பால் உறைந்துவிடும் என்பது கங்காணியின் கட்சி. முருகனின் மனைவி செல்லம்மாளின் குழந்தை, ஆயா கொடுத்த சீனித் தண்ணீரையே குடித்துக் குடித்து நோஞ்சானாகிக்கொண்டிருந்தது. எஸ்தரம்மாள் தம் ஒரே பிள்ளையைப் பேச்சு வருமுன்னே மண்ணில் வைத்தவர். ஒரு நாள் பத்து மணிக்குச் செல்லம்மாளின் வாளியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ போ புள்ள. ஒன் நெரைய நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். இருவருக்கும் ஒதுக்கிய இரண்டு நிரை மரங்களின் பாலையும் தாமே ஓடியோடி எடுத்து, ஒரு கோப்பைகூட உறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கங்காணி அவரை மேட்டு நிரைக்கு மாற்றினார். ஏறி இறங்கினால் முழங்கால் கழன்றுவிடும் மேடு அது. அடுத்த ஞாயிறு எஸ்தரம்மாள் எழுந்தார். "மேட்டுல நல்லா காத்து வருது, அங்க அனுப்புன கங்காணி ஐயாவுக்காக ஸ்தோத்திரம். பத்து மணிக்கு ஒரு புள்ள பால் குடிச்சிச்சு, அதுக்கும் ஸ்தோத்திரம். மத்த புள்ளைங்க இன்னும் குடிக்கல, ஆண்டவரே." மறு வாரமும் இதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும் இதையே சொன்னார். கங்காணி என்னிடம் வந்து, ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கத்தையே நிறுத்தச் சொன்னார். "அதை நிறுத்துகிற அதிகாரம் எனக்கில்லை, மேலே இருக்கிறவரிடம் கேளுங்கள்" என்றேன். அதன் பிறகு வெகு நாள் அவர் என்னோடு பேசவில்லை, நிம்மதியாக இருந்தது. இதற்குள் கைக்குழந்தை இல்லாத பெண்கள் ஒவ்வொருவராக ஒரு தாயின் நிரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பால் குறையவில்லை. கங்காணியும் கண்டும் காணாதவர்போல இருக்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கங்காணி காய்ச்சலில் விழுந்தார். அவர் வீட்டார் கடலுக்கு அப்பால் சொந்த ஊரில் இருந்தார்கள். லயத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எஸ்தரம்மாள் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய், அவர் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டிவிட்டார். செல்லம்மாள் சண்டைக்கே போய்விட்டாள். "ஒங்கள மேட்டுக்கு ஏத்துன ஆளுக்கா கஞ்சி?"

"கஞ்சிதானே குடுத்தேன்? பத்து மணிய விட்டுக் குடுக்கலயே" என்றார் எஸ்தரம்மாள்.

அன்பு என்றால் தலையை ஆட்டிக்கொண்டு போவது என்று எண்ணுகிறவர்கள் அந்த அம்மாளோடு ஒரு வாரம் வேலை செய்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதது, முருகன் என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னது. அடக்கத்துக்கு மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்ட கையோடு, "எஸ்தர் போயாச்சு. இனிமே பத்து மணிக்கு எந்தப் பொம்பளையும் நெரைய விட்டு நகரக் கூடாது" என்றாராம் கங்காணி. பத்து மணிக்குச் செல்லம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். இப்போது அவளுக்கு இன்னொரு கைக்குழந்தை. மாரியம்மனைத் தவிர வேறு சாமியைக் கும்பிட்டறியாதவள். கங்காணி வழிமறித்தார். அவர் முகத்தைப் பார்த்து, காடே கேட்கும்படி, "கங்காணி ஐயா சாகக் கெடந்தப்ப எஸ்தரக்கா கையால கஞ்சி குடிச்சு எந்திரிச்சாரு. அதுக்காக அந்த அக்கா சாமிக்கு ஸ்தோத்திரம்!" என்று கத்தினாளாம். மரங்களுக்கு நடுவிலிருந்து பெண்கள் ஆமென் என்றார்கள். விபூதி பூசியவர்களும் சொன்னார்கள். கங்காணி ஒதுங்கி நின்றார். தாய்மார் நடந்தார்கள். முருகன் இதைச் சொன்னபோது நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எஸ்தரம்மாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த வாயைத்தான். நம் ஈப்போ கோயிலில் ஸ்தோத்திர நேரம் மிகவும் மரியாதையாக நடக்கிறது. யார் பெயரும் வருவதில்லை. வருகிற ஞாயிறு முதலில் எழுகிறவன் நான். கூலியாட்களை வைத்து வேலை வாங்கும் பெரிய மனிதர்கள் நம் சபையிலும் உண்டு. அவர்கள் பெயரெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆமென் சொல்லத் தயாராக வாருங்கள்.