ஊஞ்சையில் முள் இருக்காது

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. துணியில் ஊசி ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஒரு மரத்திடம் ஏமாந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பொங்கலூர்ப் பக்கமிருந்து அண்ணனுக்குப் பெண் எடுத்தோம். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கை வந்த மாதமே அம்மா சீகைக்காயை ஒதுக்கிவிட்டாள். ஊஞ்ச மரத்து இலையைக் காயவைத்து நங்கை இடிக்கும் அரப்புத்தான் தலைக்கு வேண்டுமாம். "என்ர மருமகளுக்குக் கைராசிங்க" என்று எங்கள் ஊர் மண்ணரை முழுக்கப் பேச்சு. வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவுக்குத் தலை தேய்த்துவிட்டவள் நான். அந்த வேலையும் நங்கைக்குப் போயிற்று. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

நங்கை தாய்வீடு போயிருந்தபோது அரப்பு தீர்ந்துவிட்டது. இதென்ன பெரிய வித்தையா என்று முதலிபாளையம் போகிற வழியில் ஒரு மரத்தைப் பிடித்தேன். பொடிப்பொடி இலை, அதேதான். உருவும்போது கையெல்லாம் முள் கீறியது. விடவில்லை. காயவைத்து இடித்து, நங்கை அரப்பு போட்டுவைக்கும் போசியில் கொட்டினேன். அம்மா தேய்த்துப் பார்த்துப் பாராட்டியதும், செய்தது நான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா தேய்த்தாள், தேய்த்தாள், நுரையே வரவில்லை. எண்ணெய் வழியும் தலையோடு அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவள், ஊரிலிருந்து திரும்பிய நங்கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னத்தைப் பறிச்சு இடிச்சு வெச்சே? நாலு பேரு முன்னால மானம் போச்சு!"

நங்கை பொடியை மோந்தாள். என் கையைப் பார்த்தாள். "பார்க்காம பறிச்சுட்டனுங்க அத்தை" என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கீறிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை அதே பாதையில் கூட்டிப்போனாள். "நீ பறிச்சது வெள்வேலம், கண்ணு. பட்டை வெளுத்திருக்குது பாரு. ஊஞ்சையில முள்ளே இருக்காது. காய் காயிதமாட்டத் தட்டையா இருக்கும். இலையைத் தண்ணி தொட்டுக் கசக்குனா நுரைக்கும்." ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நங்கைமேல் கோபம் ஆறாத அம்மா என்னிடம் தலையைக் கொடுத்தாள். போசியில் இருந்தது நங்கை புதிதாக இடித்த அரப்பு. நுரை பொங்கியது. தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த நங்கை, "உங்க புள்ள இடிச்சதுங்க அத்தை" என்றாள்.

"அதான பார்த்தேன்! என்ர புள்ள செஞ்சா செஞ்சதுதான்."

கேட்கத் தவித்த சொல். அதையும் அவள்தான் எனக்கு வாங்கித் தந்தாள். ஆத்திரம் தாங்காமல் அழுத்தித் தேய்த்தேன்.

"மெல்லக் கண்ணு, வலிக்குது" என்றாள் அம்மா.