சிமெண்ட் மயிலோடு ஒரு சண்டை

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குப் போன வாரம் ஒரு சிமெண்ட் மயில் வாங்கி வைத்தேன். இன்று காலை மலையிலிருந்து இறங்கி வந்த நிஜ ஆண்மயில் அதைத் தன் எதிரி என்று நினைத்துவிட்டது.

எகிறி எகிறி உதைத்தது. அலகால் கொத்தியது. சிமெண்ட் கழுத்தெல்லாம் ரத்தம். எல்லாம் அதன் ரத்தம்தான்.

விரட்டப் போனேன். கால் முள்ளால் என் கையைக் கிழித்துவிட்டு மறுபடியும் சிலை மேலேயே பாய்ந்தது.

"ஏங்க, அது செத்துடும்ங்க. சிலையை உடைங்க!" என்று மனைவி கத்தினாள்.

"ஆசையா வாங்குனதுடி."

"சிலைன்னு அதுக்குத் தெரியுமா?"

கடப்பாரையை எடுத்தேன். மயில் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்தது. மூன்றாவது அடியில் தலை தெறித்தது. ஐந்தாவதில் உடம்பு சரிந்தது.

உடனே நிஜ மயில் நொண்டிக்கொண்டே வந்து, உடைந்த துண்டுகள் மேல் ஏறி, தோகையை விரித்து அகவியது.

"ஜெயிச்சது தான்தான்னு நினைச்சுக்கட்டும், உடுங்க" என்றபடி மனைவி என் கையில் துணியைச் சுற்றினாள்.

இப்போது அது வாசலில் நிற்கும் என் காரின் கண்ணாடியில் தெரிகிற மயிலை முறைத்துக்கொண்டிருக்கிறது. மனைவி என்னைப் பார்க்கிறாள். யாருக்காவது வேறு வழி தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.