மலரும் சேகரும் காணாமல் போன கேஸ்

காணாமல் போனவர்களைத் தேடுகிற வேலையில் பாதி நேரம் மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விடும், அதுவும் நாம் செய்யாத தப்புக்கு. போலீஸில் இருப்பவர்களுக்கு இது புரியும். வேறு ஏதாவது அலுவலகத்தில் உட்கார்ந்து, முன்பு அதே நாற்காலியில் இருந்தவருக்குச் சேர வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் புரியும்.

நான் சப்-இன்ஸ்பெக்டர். இந்தக் கேஸ் நடந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த கூட்டத்தில், தி.நகர் ரங்கநாதன் தெருவில் இரண்டு குழந்தைகள் காணாமல் போனார்கள். மலருக்கு எட்டு வயது. தம்பி சேகருக்கு மூன்று. அவர்களுடைய அம்மா கன்னியம்மா அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் இருந்துகொண்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு வக்கீல் அவருக்காகக் கோர்ட்டுக்குப் போய், மறுபடியும் விசாரிக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். அது என் தலையில் வந்து விழுந்தது. பழைய ஃபைல் கட்டைப் பிரித்தால் புகாரைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை.

மேல் மாடி

ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்தபோது கன்னியம்மாவைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடுக்குமாடியின் மேல் தளம். லிஃப்ட் ஓடவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். கணவர் எப்போதோ இறந்துவிட்டார். வேறு பிள்ளைகள் இல்லை.

கேஸைத் திரும்ப எடுத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இதே சேதியை வேறு வேறு ஆட்களிடம் பலமுறை கேட்டவர் அவர். குழந்தைகளின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்விதான். கன்னியம்மா சொன்னார்: "போட்டோல்லாம் இல்லம்மா. காணாப் பூடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா எடுத்து வெச்சிருப்பேன்."

நடைபாதை

குழந்தைகளைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் யார் யார் என்று கேட்டுக்கொள்ள, கன்னியம்மாவைப் பழைய இடத்துக்கே ஜீப்பில் அழைத்துப் போனேன். அங்கே கம்பி வேலி, செடிகள், கல் பதித்த நடைபாதை. அவர் தயங்கவே இல்லை. இங்கே எங்கள் வாசல், இங்கே குழாயடி, இங்கே நின்றுதான் மலர் தம்பிக்குத் தலை சீவுவாள் என்று காட்டிக்கொண்டே போனார். அக்கம்பக்கத்தார் பெயர்களையும் சொன்னார். பாதிப்பேர் செத்துவிட்டார்கள், மீதிப்பேர் எங்கே என்று தெரியாது.

காலை நடைக்கு வந்த ஒருவர், போலீஸைப் பார்த்ததும் நின்றார். பக்கத்து அடுக்கு மாடியில் இருப்பவர். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் வந்தார். கன்னியம்மா சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், அந்தம்மா எதோ குழப்பத்துல இருக்காங்க போல. இங்க எப்பவுமே யாரும் குடியிருந்ததில்லை," என்றார்.

அண்ணாச்சி

மறு விசாரணைச் செய்தி பேப்பரில் வந்ததும், அசோக் நகரில் மகன் வீட்டில் இருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி போன் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் அந்தக் காலத்தில் விற்பனையாளர். நேரில் போனதும், காபி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடை வாசலில் இரண்டு குழந்தைகளும் அழுதுகொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரு பெண் வந்து, "அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று அழைத்துப் போயிருக்கிறாள். அவளை அண்ணாச்சிக்குத் தெரியும். அடையாறில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தின் வார்டன். ஒரே துணியில் எல்லா அளவிலும் கவுனும் சட்டையும் வாங்க வருஷா வருஷம் கடைக்கு வருபவள். அதனால்தான் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கன்னியம்மா தலைவிரிகோலமாகத் தெருவில் ஓடி வந்த பிறகுதான் வந்தது.

இதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் எழுந்தே நின்றுவிட்டார். "சொன்னேன்லா! ஸ்டேஷனுக்கே போயிச் சொன்னேன். 'அவங்க நாலு பேருக்குச் சோறு போடுறவங்க, நீரு போயி யாவாரத்தப் பாரும் அண்ணாச்சி'ன்னு அனுப்பிட்டாங்கம்மா."

நான்தான் அந்தப் பையன்

அதே செய்தியைப் பார்த்துவிட்டு கே.கே. நகரிலிருந்து ஒருவர் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டு, படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். "நான்தான் மேடம் சேகர்" என்றார். அவரும் ஏதோ ஓர் இல்லத்தில் வளர்ந்தவர், அப்பா அம்மா யாரென்று தெரியாது. வயதைக் கேட்டேன். சேகரைவிடப் பத்து வயதாவது பெரியவர். நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

இந்த மாதிரி வருகிறவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நாங்கள் சீக்கிரம் முடிவு கட்டிவிடுவோம். இவர் ஏமாற்ற வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார், சட்டைக் காலரைச் சரி செய்தார், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "பரவால்ல மேடம். வேற எதுனா பையன் காணாப் போன கேஸ் இருந்தா சொல்லுங்க."

மயிலாப்பூர்

அண்ணாச்சி சொன்ன அடையாறு இல்லம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. வார்டனும் இறந்துவிட்டாள். அங்கே வாரக் கடைசியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வைதேகி மாமி மட்டும் மயிலாப்பூரில் இருந்தார். அழைப்பு மணியை அடித்ததும் அவரே கதவைத் திறந்தார். மலர் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்காவும் தம்பியுமாக வந்ததாகவும், அம்மா வேண்டாம் என்று கொண்டுவந்து விட்டுப் போனதாகவும்தான் வார்டன் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். சில மாதத்தில் குழந்தை இல்லாத ஒரு தம்பதிக்குச் சேகரைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களை மாமிக்குத் தெரியும், ஆதம்பாக்கத்துக்காரர்கள். மலரை யாரும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். யாருமற்ற குழந்தை என்று சொல்லிப் புதைத்தார்கள்.

நான் எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டினேன். மாமி கையெழுத்துப் போட்டார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்: "எங்கம்மா பேரு கன்னியம்மா, ஆத்தங்கரையில இருக்கான்னு அந்தப் பொண்ணு தெனம் சொல்லிண்டே இருந்தா. நாங்கதான் பொய் சொல்றான்னு நெனச்சுண்டோம்."

ஆதம்பாக்கம்

சேகர் இப்போது பிரசன்னா. வீட்டின் முன்பக்கத்திலேயே ஏ.சி. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார், மனைவி, ஒரு பெண் குழந்தை. ஊரெல்லாம் தேடப்பட்ட பிள்ளை, அம்மாவிடமிருந்து சில மைல் தூரத்திலேயே வளர்ந்திருக்கிறது. தன்னை எடுத்து வளர்த்தார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. வளர்த்த அப்பா இல்லை. வளர்த்த அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். அவருக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் என்னிடம் பேச வந்தார்.

ரத்தப் பரிசோதனைக்கு உடனே ஒப்புக்கொண்டார், இல்லை என்று வந்துவிடும் என்ற நம்பிக்கையில். ஆம் என்று வந்தது. முடிவைச் சொல்ல நானே போனேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்: "உள்ள படுத்திருக்கிறவங்க போற வரைக்குமாவது இதை எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாமே மேடம்."

தண்ணீர்

கன்னியம்மாவிடம் மகன் கிடைத்ததை முதலில் சொல்வதா, மகள் இறந்ததை முதலில் சொல்வதா என்று வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் பயிற்சியில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. கடைசியில் மலரைத்தான் முதலில் சொன்னேன். அவர் அழவில்லை. எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று கேட்டார். அந்த இடத்தில் அதன்பிறகு வேறு யார் யாரையோ புதைத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

சேகர் உயிரோடு இருக்கிறான் என்றேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "காச்ச வந்தா தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருப்பாம்மா அவ. யார்னா குடுத்தாங்களா?" என்றார்.

சந்திப்பு

பிரசன்னா மனைவியுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவரையும் கன்னியம்மாவையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். டி.வி.யில் காட்டுவது போல யாரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. "உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலைங்க" என்றார் அவர். "இன்னான்னா கூப்டு நைனா" என்றார் கன்னியம்மா. வளர்த்தவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். படுக்கையில் என்று தெரிந்ததும், "அவங்களாண்ட என்னப் பத்தி சொல்லாத, பயந்துக்குவாங்க" என்றார்.

எழுந்திருக்கும்போதுதான் பிரசன்னா கேட்டார், அக்காவைத் தனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லை, அவள் எப்படி இருப்பாள் என்று. கன்னியம்மா அப்போதுதான் முதல்முறையாக அவர் மணிக்கட்டைத் தொட்டார். "அந்த இல்லத்துக்காரங்களுக்கு வோணும்னது ஆம்பளப் புள்ள, நீ மட்டும்தான். மலரு உன் கைய வுட்டிருக்க மாட்டா. அதான் அவளையும் சேத்து இஸ்துக்கினு போயிருக்காங்க."

பிரசன்னா இப்போது அவ்வப்போது பெரும்பாக்கம் போய் வருகிறார் என்று கேள்வி. நானோ, குற்றம் செய்தவள் உயிரோடு இல்லாததால் வழக்கு முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் துறையில் ஒரு கேஸ் முடிவதற்குக் குற்றவாளி செத்தால் போதும், மற்றவர்கள் எல்லாம் உயிரோடு இருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியதுதான்.