ஈரத்துணிக்காரர்

மருத்துவமனை மொட்டைமாடியில் நின்று கையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். கையில் மரச்சட்டம், அதில் இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் நுனியில் நனைத்த துணி. பக்கத்து மாடியில் துணி உலர்த்துகிறவர்கள், காக்கை விரட்டுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் திருத்துவதில்லை. “காத்துல எவ்ளோ ஈரம்னு பாக்கறேன்னு சொன்னா மட்டும் நம்பிடப் போறாங்களா?”

பெரிய கட்டடத்து ஏசி உறிஞ்சிய சூட்டைத் தண்ணீர் மாடிக்குச் சுமந்து வரும். கூலிங் டவர் அதைக் காற்றில் தொலைத்துவிடும். டவர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்வது இவர் பிழைப்பு. ஈரத்துணி காட்டும் அளவுக்குக் கீழே எந்த டவரும் தண்ணீரைக் குளிர்விக்காது. ஆகவே துணியை நம்புகிறார், மனிதர்களை அவ்வளவாக இல்லை.

இத்தனைக்கும் வீட்டில் ஏசி கிடையாது. நான்கு வருடமாகக் கணக்கு நடக்கிறது. மேற்கு ஜன்னல் வெயில் இன்னும் பிடிபடவில்லை. “ஊருக்கெல்லாம் சைஸ் சொல்றீங்க. நம்ம ரூமுக்கு நான் கிழவியானப்புறமா?” என்பார் மனைவி. “அவசரப்பட்டா தப்பாயிடும்மா” என்பார் இவர். ஒருமுறை அவசரப்பட்டிருக்கிறார்.

அது இந்த மருத்துவமனை மாடிதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், டவர் கண்ணை உறுத்துகிறதென்று வரைபடத்தில் சுற்றிலும் உயரச் சுவர் போட்டிருந்தார்கள். சுவரைப் பார்த்தும், ஊர் முழுவதற்கும் பொதுவாகப் புத்தகத்திலிருந்த ஈர அளவை, ஊர்க் கணக்கையே எடுத்து டவர் சைஸ் எழுதிவிட்டார். இன்று சுவருக்கு வெளியே துணி இருபத்தேழு டிகிரி காட்டுகிறது, உள்ளே இருபத்தொன்பது. விட்ட மூச்சையே டவர் திரும்ப இழுக்கிறது. மதியமானால் ஆபரேஷன் தியேட்டர் புழுங்குகிறது. கத்தி பிடித்த டாக்டருக்கு நெற்றி துடைக்க ஒரு நர்ஸ்.

பழைய டவரை மாற்றப் புது கான்ட்ராக்டர் வந்திருக்கிறார். “அதே சைஸ் போதும்னு ஒரு வரி எழுதுங்க சார். ஊர்க் கணக்குக்குச் சரியாத்தானே இருக்கு?”

“டவர் ஊர்லயா நிக்குது? இந்தச் சுவத்துக்குள்ள நிக்குது. ஒண்ணு சுவத்தத் திறங்க, இல்ல பெருசா போடுங்க.”

“அப்போ இது தப்புக் கணக்கா?”

“தப்புதான்.”

“எந்தப் புண்ணியவான் சார் போட்டது?”

பழைய வரைபடம் காற்றில் படபடத்தது. அதன் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். அவருடைய கையெழுத்து இருக்கும் மூலை அது. காற்றின் மேல் பழி போட்டு இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருக்கலாம்.

விரலை எடுத்தார்.